லோடு ஏற்றினால் மட்டும் அணையும் கம்ப்யூட்டர்: கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?

லாரிப்பட்டறை:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் நாமக்கல். பகலில் லாரிக்குப் பாடி கட்டும் ஒரு பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். இரவு பத்து மணிக்கு மேல் வீட்டில் யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்ற லாரி ஓட்டும் கேம். முப்பது வருடம் லாரி ஓட்டிய அப்பா பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நான் ரிவர்ஸ் எடுக்கும் லட்சணத்தைத் திட்டுவார். எங்கள் இருவருக்கும் அதுதான் பொழுதுபோக்கு. அதில்தான் இப்போது மண் விழுந்திருக்கிறது.

கம்ப்யூட்டர் 2021-இல் அசெம்பிள் செய்தது. ஐ5-10400எஃப், 16 ஜிபி ரேம், ஜிடி 1030 கிராபிக்ஸ் கார்டு. இத்தனை நாளும் ஒரு குறை சொன்னதில்லை. போன வாரம் ஆசைப்பட்டு, பழைய ஆர்டிஎக்ஸ் 3060 ஒன்றை ஒருவரிடம் 17,000 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன். படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது, படத்தைக் கூர்மையாக்கும் ஸ்கேலிங்கை 300 சதவீதத்துக்கு ஏற்றி வைத்திருக்கிறேன். ஆனால் ஓட்ட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில், சில நாள் இருபது நிமிடத்தில், பொட்டென்று அணைந்துவிடுகிறது. நீலத் திரை இல்லை, தொங்கி நிற்பதில்லை. பிளக்கைப் பிடுங்கியது போல.

அணைந்த பிறகு பட்டனை அழுத்தினாலும் உயிர் வராது. பின்னால் இருக்கும் சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போட்டால்தான் எழுந்திருக்கிறது. இன்னொரு வேடிக்கை: ஒருநாள் வண்டியை எடுக்கவே இல்லை, மெனுவில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன், அப்போதும் அணைந்தது. யூடியூப், எக்செல், படம் பார்ப்பது எல்லாவற்றுக்கும் நாள் முழுக்க ஓடுகிறது.

கடையில் காட்டினேன். "ஹீட்" என்று சொல்லி தூசி ஊதி, பேஸ்ட் மாற்றி 600 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். அன்று இரவே அணைந்தது. மறுபடி போனால் விண்டோஸ் புதிதாகப் போட்டுத் தந்தார்கள். அதற்கும் மசியவில்லை. அணைவதற்கு முன் நான் பார்த்த வெப்பம் பிராசஸர் 66 டிகிரி, கார்டு 71 டிகிரி. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ஒவ்வொரு தடவையும் "கெர்னல் பவர் 41" என்று சிவப்பில் நிற்கிறது.

விற்றவர் பதினைந்து நாள் கெடு கொடுத்திருக்கிறார், ஒன்பது நாள் போய்விட்டது. கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?

அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "தரையில நல்லா ஓடி, கொல்லிமலை ஏத்தத்துல மட்டும் நிக்கிற வண்டின்னா இன்ஜின கழட்டாதே. மொதல்ல டீசல் லைனப் பாரு." அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

அதிரடி_கேமர்:

அண்ணா, சந்தேகமே வேண்டாம், அது கிரிப்டோ மைனிங்கில் அடிபட்ட கார்டு. நாளைக்கே திருப்பிக் கொடுங்கள். அதுவரை பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வையுங்கள்.

சாலிடர்புகை:

கார்டை யாரும் தொட வேண்டாம். பட்டறைக்காரரே, மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

அணையும்போது மானிட்டரும் சேர்ந்து அணைகிறதா, அல்லது அது "நோ சிக்னல்" காட்டிக்கொண்டு நிற்கிறதா? கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறது? மேலே பெரிய எழுத்தில் இருக்கும் வாட் எனக்கு வேண்டாம். கடைசியாக, கார்டின் தலையில் இருக்கும் 8 பின் சாக்கெட்டுக்கு ஒயர் எங்கிருந்து வருகிறது? நேராக எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தா, நடுவில் கன்வெர்ட்டர் ஏதாவது இருக்கிறதா?

லாரிப்பட்டறை:

மானிட்டர் அணையவில்லை, "நோ சிக்னல்" தான். இரண்டும் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்கின்றன, 600 விஏ. அது கத்தவும் இல்லை.

எஸ்எம்பிஎஸ் கேபினட்டோடு சேர்ந்து வந்தது. பெரிதாக 450 வாட் என்று போட்டிருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன், 12 வோல்ட் வரிசையில் 16 ஆம்பியர்.

8 பின் ஒயர் அதில் இல்லை. கார்டோடு விற்றவர் ஒரு கன்வெர்ட்டர் கொடுத்தார்: ஒரு பக்கம் 8 பின், மறுபக்கம் பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் போடும் நான்கு பின் பிளக் இரண்டு. இரண்டையும் ஒரே ஒயரில் அடுத்தடுத்து இருந்த பிளக்குகளில்தான் செருகினேன். இப்போது கழற்றிப் பார்த்தால் அதில் ஒன்று வெள்ளையாக இல்லை. டீ டம்ளரில் கறை படிந்த மாதிரி பழுப்பாக இருக்கிறது. இறுக்கமாகவும் இருந்தது, பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சாலிடர்புகை:

நல்லவேளை கழற்றினீர்கள். அதைத் திரும்பச் செருகாதீர்கள். ஒரு சோதனை சொல்லலாம் என்றிருந்தேன்: ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டைக் குறைத்து, ஃபிரேமை, அதாவது செகண்டுக்கு வரையும் படங்களை, 60-இல் கட்டிவைத்து ஓட்டிப் பார்ப்பது. அப்போது அணையாமல் ஓடினால் மின்சாரம்தான் போதவில்லை என்று அர்த்தம். பிளக் பழுத்திருக்கிறது என்றதும் அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். உங்கள் பிராசஸர் பெயர் "எஃப்" என்று முடிகிறது, அதில் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. அதனால் இப்போதைக்கு ஜிடி 1030-ஐ மாட்டிக்கொள்ளுங்கள்.

கணக்கைப் பாருங்கள், நீங்கள் கணக்கு எழுதுபவர்தானே. 12 பெருக்கல் 16 என்றால் 192 வாட். பிராசஸரும் கார்டும் குடிப்பது இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். மேலே போட்டிருக்கும் 450, மற்ற வோல்ட் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிய எண், அதுவும் தாராளமாக. ஆர்டிஎக்ஸ் 3060 முழு லோடில் 170 வாட் இழுக்கும். உங்கள் பிராசஸரின் அடிப்படை அளவே 65 வாட், வேகம் கூட்டும் டர்போவில் இன்டெல் அனுமதிக்கும் உச்சம் 134. விசிறி, டிஸ்க் எல்லாவற்றையும் விட்டுவிட்டாலும் 235. இருப்பு 192, செலவு 235. ஜிடி 1030 வெறும் 30 வாட் கார்டு, அதனால்தான் இத்தனை வருடம் பிழைத்தது.

அப்படியானால் முதல் நிமிடமே ஏன் அணையவில்லை என்று கேட்பீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் பாதுகாப்பு கொஞ்சம் தள்ளித்தான் வைத்திருக்கும், தவிர அது சூடேற ஏறத் தாக்குப்பிடிக்கும் சக்தி குறையும். கார்டும் சீராக 170 இழுக்காது. மில்லி செகண்ட் கணக்கில் திடீர் திடீரென்று அதற்கு மேலே எகிறும். அப்படி ஓர் எகிறலில் பாதுகாப்பு விழித்துக்கொண்டு மொத்தத்தையும் அறுத்துவிடுகிறது. பின் சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் உயிர் வருகிறது என்றீர்களே, எனக்குப் பெரிய துப்பு அதுதான். பாதுகாப்பு பூட்டிக்கொண்டால் கரண்ட் முழுதாக நின்ற பிறகுதான் அந்தப் பூட்டு விடும்.

மெனுவில் அணைந்ததும் இதே கதைதான். மெனுவில் வேலை குறைவு, ஃபிரேமுக்குக் கட்டுப்பாடு இல்லையென்றால் கார்டு செகண்டுக்குச் சில நூறு படங்கள் வரைந்து தள்ளும். நியூட்ரலில் நிறுத்தி ஆக்சிலேட்டரை மிதித்தது மாதிரி.

கெர்னல் பவர் 41-ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். போன தடவை ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்று, அடுத்த தடவை எழுந்ததும் விண்டோஸ் எழுதிக்கொள்ளும் குறிப்பு அது. இறந்தார் என்று மட்டும் எழுதி, காரணத்தைக் காலியாக விட்ட சான்றிதழ்.

இனி அந்தக் கன்வெர்ட்டர். அணைவதைவிட எனக்குப் பயம் இதில்தான். முறையான 8 பின் ஒயரில் 12 வோல்ட்டுக்கு மூன்று கம்பிகள் உண்டு, 150 வாட் அதன் அளவு. நான்கு பின் பிளக்கில் மஞ்சள் கம்பி ஒன்றே ஒன்று. இரண்டு பிளக்கையும் ஒரே ஒயரில் செருகியதால், இரண்டுக்கும் சேர்த்து எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வருவது அந்த ஒரே கம்பிதான். மதர்போர்டு சாக்கெட் வழியாகப் போவது போக, 8 பின் வழியே 120 வாட் போகிறது என்று வையுங்கள். 10 ஆம்பியர், ஒரு மெல்லிய கம்பியில். பழுக்காமல் என்ன செய்யும்? எஸ்எம்பிஎஸ் அணைந்து அணைந்து உங்களைக் காப்பாற்றியிருக்கிறது என்றுதான் சொல்வேன்.

3060-க்கு என்விடியா சொல்வது 550 வாட். அதையே வாங்குங்கள், 8 பின் ஒயர் நேராக வரும்படி, ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு 40 ஆம்பியருக்கு மேல் இருக்கும்படி பார்த்து. கெடு முடிவதற்குள் கார்டைச் சோதிக்க, தெரிந்தவர் யாரிடமாவது நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை ஒரு ராத்திரிக்குக் கடன் வாங்கினாலும் போதும்.

அப்பாவுக்கு என் வணக்கம். அவர் முதல் நாளே சரியாகச் சொல்லிவிட்டார்.

வோல்ட்மீட்டர்:

சாலிடர்புகை சொல்வதில் எனக்கு மறுப்பில்லை, 550 என்பதைத் தவிர. நாளைக்கு வேறு கார்டு மாற்றுவார், 650 வாங்கட்டும்.

யாரும் பேசாத ஒன்று யுபிஎஸ். 600 விஏ என்றால் பெரும்பாலும் 360 வாட்தான். கம்ப்யூட்டர், மானிட்டர் சேர்ந்தால் விளையாடும்போது 300-ஐ நெருங்கும். கரண்ட் இருக்கும்வரை தெரியாது. போன நொடியில் பேட்டரி அத்தனை லோடையும் தாங்க வேண்டும். இன்னொன்று, புது எஸ்எம்பிஎஸ்களில் ஆக்டிவ் பிஎஃப்சி என்று, கரண்ட் இழுப்பதைச் சீராக்கும் ஒரு சுற்று இருக்கும். வீட்டுக்கு வாங்கும் விலை குறைந்த யுபிஎஸ் பேட்டரியில் ஓடும்போது சுத்தமான சைன் அலை தராது. சில ஜோடிகள் ஒத்துப்போகும், சில போகாது. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிய பிறகும் கரண்ட் போகும்போது அணைந்தால், மறுபடி கார்டைத் திட்டாதீர்கள்.

என் வீட்டில் இதே நோய்க்கு ஜங்ஷன் பாக்ஸில் லூஸான ஒரு சாக்கெட் காரணமாக இருந்தது. அங்கே மானிட்டரும் சேர்ந்து அணையும். உங்களுக்கு அப்படி இல்லை, அதனால் அது வேறு.

சாலிடர்புகை:

650 வாங்கினால் தப்பில்லை. மாதக் கடைசியில் இருக்கும் ஒருவரிடம் அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

லாரிப்பட்டறை:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். மாதக் கடைசி என்பதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

பட்டறைப் பையன் ஒருவனின் எஸ்எம்பிஎஸ்ஸைச் சனிக்கிழமை ராத்திரி கடன் வாங்கிப் போட்டேன். ரோட்டர்டாமில் லோடு ஏற்றி மிலான் வரை, இடையில் ஒருமுறை அப்பா டீ கேட்டதற்காக நான்தான் நிறுத்தினேன். இரண்டேகால் மணி நேரம், அணையவில்லை. மெனுவில் அரை மணி நேரம் சும்மா விட்டேன், அப்போதும் அணையவில்லை. கார்டு தப்பித்தது. விற்றவரிடம் கன்வெர்ட்டரை மட்டும் திருப்பிக் கொடுத்து, இதை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று பழுத்த பிளக்கின் படத்தையும் காட்டினேன். அவர் அதைப் பார்த்து முழித்தார், பாவம், அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

நேற்று 550 வாட் ஒன்று 4,300 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். ஸ்டிக்கரைக் கடையிலேயே படித்தேன், 12 வோல்ட்டுக்கு 44 ஆம்பியர். கடைக்காரர் என்னை விநோதமாகப் பார்த்தார். ஃபிரேமை 60-இல் கட்டிவிட்டேன், விசிறிச் சத்தமும் பாதியாகக் குறைந்துவிட்டது.

வோல்ட்மீட்டர் சொன்னது பலித்தது. நேற்று ஒன்பதரைக்குக் கரண்ட் போனதும் யுபிஎஸ் ஒரே ஓலம், ஐந்தாவது நொடியில் எல்லாம் இருட்டு, இந்தத் தடவை மானிட்டரும் சேர்ந்து. அது அடுத்த சம்பளத்துக்கு. அதுவரை கரண்ட் போனால் விளையாட்டு இல்லை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அந்தப் பழைய 450-ஐ என்ன செய்வது? ஆபீஸில் பில் போடும் கம்ப்யூட்டருக்குப் போடலாமா?

சாலிடர்புகை:

வேண்டாம். ஓவர்லோடில் பலமுறை அறுந்த பொருள், அதை இன்னொரு மிஷினுக்குக் கொடுக்காதீர்கள். ஒயரை வெட்டிவிட்டு மின்கழிவு எடுப்பவரிடம் போட்டுவிடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது பார்க்கலாம் என்று திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். பட்டறையில் இருக்கிறீர்கள், கையில் ஸ்குரூ டிரைவர் எப்போதும் இருக்கும், அதனால்தான் சொல்கிறேன்.