ஜிடிஏ 5 திணறுகிறது: இன்னொரு ரேமா, கிராபிக்ஸ் கார்டா?

வைகைக்கரை:
வணக்கம். தங்கை கல்லூரியில் சேர்ந்தபோது எங்கள் இருவருக்குமாக ஒரு கணினி அசெம்பிள் செய்து வாங்கினோம். ரைசன் 5 5600ஜி சிபியு, ஏ520 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் ஒன்று, எஸ்எஸ்டி. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) கேபினட்டோடு சேர்ந்து வந்தது. 1920×1080 அளவில் ஜிடிஏ 5 ஆடினால், நகருக்குள் வண்டி ஓட்டும்போது 25 எஃப்பிஎஸ்ஸுக்கு (நொடிக்கு 25 படங்கள்) இறங்கிவிடுகிறது. சில திருப்பங்களில் திரை அப்படியே உறைந்து நிற்கிறது. கடையில் கேட்டால் கிராபிக்ஸ் கார்டு போடச் சொல்கிறார்கள். கையில் இருப்பது சிறு தொகைதான். அதை எதில் போடுவது?

சில்லுத்தச்சன்:
கார்டைப் பற்றி யோசிக்கும் முன் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து ரேமின் வேகத்தைப் பாருங்கள். பெட்டியில் 3200 என்று அச்சிட்டிருந்தாலும் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக அமைப்பை இயக்காதவரை பெரும்பாலும் 2400 அல்லது 2666 வேகத்தில்தான் ஓடும்.

5600ஜி சிபியுவுக்குள்ளேயே இருக்கும் வேகா கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் இல்லை. சிபியு சாப்பிடும் அதே தட்டில்தான் அதுவும் கைவைக்க வேண்டும். 2400இல் ஓடும் ஒற்றை ரேம் நொடிக்கு 19.2 ஜிபி தரவுதான் கொடுக்கும். 3200க்கு ஏற்றினால் 25.6. அதே வகையில் இன்னொன்றைச் செருகி டூயல் சேனல் (இரண்டும் ஒரே நேரத்தில் தரவு தருவது) ஆக்கினால் 51.2. உங்கள் கணினியின் கழுத்தைப் பிடித்திருப்பது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

பெருநிழல்:
நான் மறுக்கிறேன். அந்த 51.2 முழுவதும் கிராபிக்ஸுக்கா போகிறது? அதிலும் சிபியுவுக்குப் பங்கு உண்டு. 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 கார்டுக்கே நொடிக்கு 128 ஜிபி, அதுவும் தனக்கே தனக்காக. ஆர்எக்ஸ் 580க்கு 256. இந்த இடைவெளியை எந்த ரேமும் அடைக்காது. போதாததற்கு 2025 இறுதியிலிருந்து ரேம் விலை வேறு ஏறிக்கிடக்கிறது.

நான் இதைப் பட்டு அறிந்தவன். ரைசன் 3200ஜி சிபியு வைத்திருந்தேன். முதலில் ரேம், பிறகு கூலர், கடைசியில் கார்டு என்று மூன்று முறை செலவழித்தேன். முதல் இரண்டையும் தவிர்த்திருந்தால் ஓராண்டு முன்பே கார்டு வந்திருக்கும். தம்பி, பொறுத்திருந்து பணம் சேர்த்து, பயன்படுத்திய 580 ஒன்று வாங்குங்கள்.

களிமண்கூரை:
பதினைந்து ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்க்கிறேன். 580 என்ற எண்ணைப் பார்த்ததும் பதறிப்போய் எழுதுகிறேன். அந்தக் கார்டு மட்டும் 185 வாட் இழுக்கும். கேபினட்டோடு இனாமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரில் 450 வாட் என்று இருக்கலாம். அது உண்மையில் தாங்குவது வேறு. இப்படி ஒரு கார்டை அதில் மாட்டிய மாணவர் ஒருவரின் மதர்போர்டு கருகி என் மேசைக்கு வந்தது. அவருடைய முகம் இன்றும் நினைவில் இருக்கிறது. 580 வாங்குவதென்றால் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸையும் அதன் விலையில் சேர்த்துக் கணக்கிடுங்கள். தனி மின்கம்பி கேட்காத 1650க்கு இவ்வளவு அச்சம் வேண்டாம்.

பெருநிழல்:
எஸ்எம்பிஎஸ் பற்றி ஐயா சொல்வதை ஏற்கிறேன். அப்படியானால் ஆர்எக்ஸ் 6400 வாங்கலாமே? அதற்கு 53 வாட் போதும்.

சில்லுத்தச்சன்:
தயவுசெய்து வேண்டாம். 6400க்கு இருப்பது நான்கே பிசிஐஇ தடங்கள் (கார்டுக்கும் சிபியுவுக்கும் இடையிலான தரவுப் பாதைகள்). நான்காம் தலைமுறை பிசிஐஇயில் அது சமாளித்துவிடும். 5600ஜி மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிட்டது. அங்கே பாதை பாதியாகச் சுருங்கும். 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் கேம் விட்டுவிட்டு ஓடத் தொடங்கும்.

இன்னொன்று. எஃப்பிஎஸ் குறைவது வேறு, உறைந்து நிற்பது வேறு. ரேம் நிரம்பி, விண்டோஸ் எஸ்எஸ்டியில் எழுதி எழுதி எடுக்கும்போதும் அப்படி உறையும். 8 ஜிபியோடு எந்தக் கார்டைப் போட்டாலும் அந்த நோய் தீராது. இன்று வாங்கும் ரேம் நாளை கார்டு வந்த பிறகும் உழைக்கும். அதை வீண் செலவு என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

வைகைக்கரை:
எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். வேகம் 2400தான். அதைவிட எனக்கு அதிர்ச்சி தந்தது வேறொன்று. 'ஹார்ட்வேர் ரிசர்வ்டு' என்ற இடத்தில் 2 ஜிபிக்கு மேல் காட்டுகிறது. விண்டோஸுக்கு மிச்சம் 6 ஜிபிகூட இல்லை. கேம் ஓடும்போது 96 சதவீதம் நிரம்பிவிடுகிறது.

களிமண்கூரை:
அசெம்பிள் செய்தவர் பயாஸில் கிராபிக்ஸுக்கு 2 ஜிபி ஒதுக்கியிருக்கிறார். 16 ஜிபி உள்ள கணினியில் இது நல்ல யோசனை. 8 ஜிபியில் பட்டினி போடுவதற்குச் சமம். 512 எம்பிக்குக் குறையுங்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் வேகா பொது நினைவகத்திலிருந்து தானே எடுத்துக்கொள்ளும்.

பெருநிழல்:
சில கேம்கள் ஒதுக்கிய அளவைப் பார்த்துத்தான் டெக்ஸ்சர் (பரப்புகளின் மேல் தெரியும் படங்கள்) தரத்தை அனுமதிக்கும். குறைத்த பிறகு அதையும் கவனியுங்கள்.

வைகைக்கரை:
ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். எக்ஸ்எம்பியை இயக்கி, ஒதுக்கீட்டைக் குறைத்து, 1600×900க்கு இறங்கினேன். புள்ளிகள் முப்பது சதவீதம் குறைகின்றன. எழுத்துகள் சற்று மங்கலாகத் தெரிந்தாலும் ஆட்டத்தில் உறுத்தவில்லை. பணம் செலவழிக்காமலே 34 வரை வந்தது. உறைவது குறைந்தது, நிற்கவில்லை. நேற்று சென்னை ரிச்சி தெருவில், பயன்படுத்திய அதே வகை 8 ஜிபி ரேம் ஒன்று வாங்கிச் செருகினேன். இப்போது நகருக்குள் 50க்குக் கீழே இறங்குவதில்லை. உறைவது முற்றிலும் நின்றுவிட்டது. தங்கையின் கட்டட வரைபட மென்பொருளும் முனகாமல் திறக்கிறது. அவளுக்கு அதுதான் பெரிய மகிழ்ச்சி.

பெருநிழல்:
உறைந்ததற்குக் காரணம் ரேம்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதை நான் கவனிக்கத் தவறினேன். ஆனால் 1080இல் புதிய கேம்களை ஆட விரும்பினால் கார்டு வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. அடுத்த சேமிப்பை எஸ்எம்பிஎஸ்ஸில் தொடங்குங்கள்.

களிமண்கூரை:
பயன்படுத்திய ரேம் என்பதால் இன்றிரவே மெம்டெஸ்ட் என்ற ரேம் சோதனை மென்பொருளை ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் நாளைக்கே கடைக்குக் கொண்டுபோய் மாற்றிவிட வேண்டும்.

வைகைக்கரை:
இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது ஐயா. இரண்டாம் சுற்று, இதுவரை பிழை இல்லை.