துணை அண்டார்டிக்கா, அயல் அண்டார்டிக்கா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான ஓர் அறிவியல் நூலைத் தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும், ஒரே சொல்லில் இரண்டு நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். தென்பெருங்கடலில் சிதறிக் கிடக்கும் மெக்குவாரி, மேரியன், கெர்கெலன், தெற்கு ஜார்ஜியா, காம்பெல் போன்றவற்றுக்கு 'சப் அண்டார்டிக்' தீவுகள் என்று பொதுப்பெயர். 'துணை அண்டார்டிக் தீவுகள்' என்று எழுதினேன். படித்துப் பார்த்த பையன் "இதெல்லாம் அண்டார்டிகாவுக்கு என்ன துணை செய்யுது?" என்று கேட்டுவிட்டான். 'உப' போட்டால் உபரி மாதிரி ஒலிக்கிறது. 'கீழ்' போட்டால் வரைபடத்தில் அண்டார்டிகாவுக்கும் கீழே தேடுவார்கள். உதவுங்கள்.

*

அம்மா, 'துணை'யில் குறை ஒன்றும் இல்லை. துணைக்கண்டம் என்கிறோம், எந்தக் கண்டத்துக்குத் துணை என்று யாரும் கேட்பதில்லையே. பழகினால் சரியாகிவிடும்.

எனக்கு உறுத்துவது அதற்குப் பின்னால் வரும் சொல். ய, ர, ழ ஒற்றுகளை அடுத்து, மொழிக்கு முதலில் வரும் எழுத்துகளும் ஙகரமும்தான் வரலாம். டகரம் மொழிமுதல் ஆகாது. ஆகவே 'ர்ட்' தமிழில் சேர்ந்து வராது. பெயரின் வேரைப் பாருங்கள்: கிரேக்கத்தில் 'ஆர்க்தோஸ்' என்றால் கரடி. வடவானில் கரடி என்று அவர்கள் கண்ட விண்மீன் கூட்டத்தில் பளிச்சென்று தெரியும் ஏழைத்தான் நம்மவர்கள் எழுமீன் என்றார்கள். அதற்கு எதிர்ப்பக்கம் என்பதே அண்டார்டிக். எனவே 'எழுமீனெதிர்ப்புறத் தீவுகள்'. பொருளும் உண்டு, மரபும் உண்டு.

*

> எழுமீனெதிர்ப்புறத் தீவுகள்

ஐயா, மன்னிக்கணும். ஆறாம் வகுப்புப் பிள்ளை இதைப் படித்தால் ஏழு மீன்கள் எதிர்நீச்சல் போட்ட கதை என்றுதான் நினைக்கும். 'ர்ட்' கூடாதென்றால் போர்டு, கார்டு, வார்டு எல்லாவற்றையும் என்ன செய்வது?

சரி, உங்கள் வழியிலேயே வருகிறேன். அண்டார்டிக் என்பது 'அண்டாத் திக்கு'. யாரும் அண்டாத திசை! ஒலியும் ஒத்துவருகிறது, ர்ட்டும் ஒழிந்தது. உரிமை எனக்கே.

*

'திக்கு' வடசொல். 'திசை' என்று மாற்றிக்கொண்டு வராதீர்கள், அதுவும் வடசொல்தான்.

*

வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் உயிரியல் நடத்துகிறவள் என்ற முறையில் ஒன்று சொல்லியாக வேண்டும்: யாரும் அண்டாத திசையாக இருந்திருந்தால் இந்த நூலில் பாதி அத்தியாயத்துக்கு வேலையே இருந்திருக்காது. அண்டியதுதான் வினை. மேரியன் தீவுக்கு 19ஆம் நூற்றாண்டில் சீல் வேட்டைக்காரர்களோடு சுண்டெலி போய்ச் சேர்ந்தது. 1940களின் கடைசியில் எலி பிடிக்க 5 பூனைகளைக் கொண்டுபோனார்கள். 1970களில் அவை இரண்டாயிரத்தைத் தாண்டி, ஆண்டுக்கு ஏறத்தாழ நாலரை லட்சம் வளைவாழ் கடற்பறவைகளைத் தின்றுகொண்டிருந்தன. 1991 வாக்கில் பூனையை ஒழித்தார்கள், எலி இன்னும் இருக்கிறது. கூட்டை விட்டு நகராத ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையின் குஞ்சை அது உயிரோடு கொறிக்கிறது, ஏனென்றால் தரையிலிருந்து வரும் எதிரியைக் கண்டு ஓட அந்தப் பறவைக்குத் தெரியாது. மெக்குவாரியில் வேறு மாதிரி. 2000 வாக்கில் பூனை போனதும் முயல் பெருகிச் சரிவுகளின் புல்லை மொட்டையடித்தது. அப்புறம் முயல், எலி, சுண்டெலி மூன்றையும் சேர்த்து ஒழித்து 2014இல்தான் மூச்சு விட்டார்கள்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். 'துணை' கூடாது என்பதற்கு என் காரணம் வேறு. இந்தத் தீவுகள் அண்டார்டிகாவின் வால் அல்ல. அண்டார்டிகாவைப் பல நாடுகள் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் அண்டார்டிக் ஒப்பந்தம் தெற்கே 60 பாகைக்கு அப்பால்தான் செல்லும். மெக்குவாரி 54இல், மேரியன் 46இல். அதனால் ஒவ்வொரு தீவையும் அந்தந்த நாடுதான் காக்க வேண்டும், சட்டமும் தனித்தனி. நிலமும் வேறு: மரம் அநேகமாகக் கிடையாது, ஆனால் பச்சைப்பசேல் என்று புல், காம்பெல்லில் ஆளுயரத்துக்குப் பூக்கும் பூண்டுகள், கெர்கெலனில் மாலுமிகள் ஸ்கர்வி நோய்க்குத் தின்ற முட்டைக்கோசு, ஓயாத காற்றில் சிறகையே விட்டுவிட்ட ஈ. என் பரிந்துரை 'அண்டார்டிக் அயல் தீவுகள்'.

*

அக்கா, 'அயல்' அழகாக இருக்கிறது. ஆனால் இதே நூலில் வெளியிலிருந்து வந்த உயிரினங்களை 'அயல் இனங்கள்' என்று 40 இடத்தில் எழுதியிருக்கிறேன். 'அயல் தீவுகளில் அயல் இனங்கள்' என்றால் பையன் மறுபடி வந்து நிற்பான்.

*

'தென்முனை சூழ் தீவுகள்'? கேட்க இனிமை.

*

'சூழ்' அங்கே சுற்றும் கடல் நீரோட்டத்துக்கு வேண்டும். 'முனைசூழ் நீரோட்டம்' என்று ஏற்கெனவே வகுப்பில் சொல்கிறேன், பிடுங்காதீர்கள்.

*

'அணித்தீவுகள்'. அணித்து, அணிமை, அணுகு எல்லாம் ஒரே குடும்பம்...

*

> அணித்தீவுகள்

கிரிக்கெட் அணியா, நகையா?

*

நண்பர்களே, நாளை வெள்ளி. 'அண்டார்டிகாவை அடுத்த தீவுகள்' என்று வேற்றுமை உருபோடு விரித்தே எழுதி அனுப்பப்போகிறேன். முதல் பக்கத்தில் ஒரு முறை 'துணை அண்டார்டிக்' என்றும் வழங்குவர் என்று சேர்க்கிறேன், தேடுகிறவர்களுக்கு உதவும். இதுவரை 5 பேர் சரி என்றார்கள், அதில் 2 பேர் "எதையாவது போடுங்கள்" என்றார்கள், அதையும் ஆதரவாகவே எடுத்துக்கொண்டேன்.

*

சரி, போடுங்கள். ஆனால் மேரியனிலிருந்து அண்டார்டிகாக் கரை 2,000 கிலோமீட்டருக்கு மேல். 'அடுத்த' என்றால் எட்டிப் பிடிக்கும் தூரம் என்று என் மாணவர்கள் நினைப்பார்கள், ஒரு வரைபடம் சேருங்கள்.

*

வரைபடத்தில் 'ர்ட்' இல்லாமல் அச்சிட முடியுமா என்று பதிப்பகத்தாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் அம்மா. எழுமீனை நான் இன்னும் கைவிடவில்லை.