இணைப்பைத் திறக்காத பெற்றோர் அக்கறையற்றவர்களா?

பெரம்பூர்த் தந்தை:
குழந்தைகளின் ஊட்டச்சத்து, தூக்கம், மனநலம் குறித்த காணொளிகளை என் மகளின் பள்ளியில் வாரந்தோறும் வாட்ஸ்அப் குழுவில் அனுப்புகிறார்கள். சந்தேகம் கேட்பவர்கள் எப்போதும் அதே ஐந்தாறு பெற்றோர்தான். மற்றவர்கள் திறந்துகூடப் பார்ப்பதில்லை. இரவில் ரீல்ஸ் பார்க்க நேரமிருப்பவர்களுக்குப் பிள்ளைக்காகப் பத்து நிமிடம் கிடைக்கவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இன்னமும் வறுமையைக் காரணம் சொல்வது அந்தப் பிள்ளைகளுக்கு நாம் இழைக்கும் அநீதி.

காசிமேட்டு மகள்:
ஐயா, உங்கள் கோபத்தில் அக்கறை இருப்பது தெரிகிறது. ஆனால், எங்கள் தெருவில் பல வீடுகளில் நல்ல செல்பேசி ஒன்றுதான் உண்டு. விசைப்படகில் தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கப் போகிறவர் அதைக் கையோடு கொண்டுபோய்விடுகிறார். பள்ளிக் குழுவில் இருப்பதும் அவருடைய எண்தான். விடியுமுன் ஏலத்துக்குப் போய்க் கூடையைத் தூக்குகிற அம்மாவின் கண்ணில் அந்த இணைப்பு படுவதே இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் செல்பேசியும் அப்பாவும் வீட்டில் இருப்பார்கள். அப்போதோ பெரும்பாலும் பள்ளி விடுமுறை, குழுவில் ஒன்றும் வராது.

பெரம்பூர்த் தந்தை:
படகுக் குடும்பங்களின் நிலை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன், சகோதரி. வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் இருப்பவர்கள் கடலுக்குப் போவதில்லையே?

தண்டையார்பேட்டை அங்கன்வாடிப் பணியாளர்:
திறந்தாரா இல்லையா என்பதை வைத்துத் தாயின் அக்கறையை அளக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சென்ற மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தையுடன் ஒரு தாய் எங்கள் மையத்துக்கு வந்தார். ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கவேண்டிய ஓ.ஆர்.எஸ். (நீரிழப்பை ஈடுசெய்யும் உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலத்தை ஒரே டம்ளரில் முழுவதுமாகக் கொட்டிக் கலக்கியிருந்தார். கரைசல் அவ்வளவு கெட்டியானால் உடம்பில் உப்பு ஏறிக் குழந்தைக்கே ஆபத்து. இத்தனைக்கும் அவர் காணொளியைப் பார்த்தவர்தான். அளவு சொல்லும் இடம் வருவதற்குள் குழந்தை வீறிட்டு அழ, நிறுத்திவிட்டார். லிட்டர் பாட்டிலைக் கையில் கொடுத்து அவரையே கலக்கச் செய்தேன். 24 மணி நேரத்துக்கு மேல் அதை வைத்திருக்கக் கூடாது என்றும், துத்தநாக மாத்திரையை 14 நாள் தரவேண்டும் என்றும் சொன்னேன். அடுத்த மாதம் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அவரே சரியாகக் கலக்கிக் கொடுத்தார்.

பெரம்பூர்த் தந்தை:
அம்மா, நீங்கள் செய்தது பெரிய காரியம். ஆனால், 2021 முதல் போஷன் டிராக்கர் என்ற அரசின் ஊட்டச்சத்துக் கண்காணிப்புச் செயலியில் பதிவேற்றும் வேலையும் உங்கள் தலையில்தான் இருக்கிறது. எத்தனை வீட்டுக்கு உங்களால் போக முடியும்?

தண்டையார்பேட்டை அங்கன்வாடிப் பணியாளர்:
எல்லா வீட்டுக்கும் முடியாது, ஐயா. அதனால்தான் பத்து நிமிடக் காணொளிக்குப் பதில், அளவை முதல் வரியிலேயே சொல்லும் ஒரு நிமிடக் குரல்பதிவு போதும் என்கிறேன். அதை அம்மாவின் எண்ணுக்கு, பொத்தான் செல்பேசியானால் அழைப்பாகவே, மதியம் மூன்று மணிக்கு மேல் அனுப்பட்டும்.

பெரம்பூர்த் தந்தை:
அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இரு பெற்றோரின் எண்ணையும் சேர்க்கச் சொல்லி நானே எழுதிக் கொடுக்கிறேன். வசதியும் நேரமும் இருந்தும் பார்க்காதவர்களைப் பற்றி நான் சொன்னதை மட்டும் திரும்பப் பெற மாட்டேன்.