உதவி: ஆவணப்படத்தில் தாத்தாவின் வாய் முன்னே, குரல் பின்னே

தோட்டத்துக்கேமரா (புதிய உறுப்பினர்)
செவ்வாய், இரவு 11:42

வணக்கம். அவசரம். எங்கள் பள்ளிப் பண்பாட்டுக் கழகத்தைப் பற்றி 8 நிமிட ஆவணப்படம் எடுக்கிறோம். ஒலியும் படமும் ஒட்டவில்லை. முதலில் சரியாக இருக்கிறது, போகப் போக விலகுகிறது. மூன்று முறை அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தோம். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். எப்படிச் சரிசெய்வது? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

ஈப்போ ஒலியன்
செவ்வாய், இரவு 11:58

எதில் எடுத்தீர்கள்? எதில் வெட்டி ஒட்டுகிறீர்கள்? ஒலியைத் தனியாகப் பதிந்தீர்களா, கேமராவிலேயே பதிந்தீர்களா? எத்தனையாவது நிமிடத்தில் எவ்வளவு விலகல்? இதில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் கேட்டால் சோழிதான் உருட்ட வேண்டும் தம்பி.

நெறியாளன் (முதுநிலை உறுப்பினர்)
புதன், காலை 6:15

இந்தக் கேள்வி இங்கே மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. தேடல் பெட்டி என்று ஒன்று மேலே இருக்கிறது, அது அலங்காரத்துக்கு வைத்ததல்ல. விடை எப்போதும் ஒன்றுதான். ஒலியை 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வேகத்தில் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்ற கணக்கு) பதிந்திருப்பீர்கள், காணொலி 48இல் இருக்கும். ஒலியை 48க்கு மாற்றுங்கள். இந்த அடிப்படைகூடத் தெரியாமல் ஆவணப்படம் எடுக்கக் கிளம்பிவிடுகிறார்கள்.

கூலிம் கணினிக்கடை
புதன், காலை 7:40

பள்ளிக் கணினியிலா வேலை செய்கிறீர்கள்? பழைய கணினி என்றால் ஓட்டிப் பார்க்கும்போது படம் திணறும், ஒலி தன் பாட்டுக்கு ஓடும். அது பொய் விலகல். ஒரு நிமிடத்தை மட்டும் இறுதிக் கோப்பாக எடுத்துப் பாருங்கள். அதில் சரியாக இருந்தால் உங்கள் வேலையில் குறையில்லை, கணினிக்குத்தான் ரேம் வேண்டும்.

பழைய ஒளிபரப்பாளர்
புதன், காலை 8:05

மலேசியா பால் (PAL) என்ற பழைய தொலைக்காட்சி ஒளிபரப்பு முறையில் வந்த நாடு. நொடிக்கு 25 பிரேம், அதாவது 25 தனிப்படம். கைத்தொலைபேசிக்காரர்கள் 30இல் எடுத்துத் தொலைக்கிறார்கள், அங்கேதான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது. மண்டபத்தில் குழல்விளக்கு இருந்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடுமே, அதற்கும் இதுதான் காரணம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 25 பிரேம், ஷட்டர் 1/50. முப்பது ஆண்டுகளாக நான் சொல்வது இதைத்தான்.

கித்தாக்காட்டான்
புதன், காலை 8:31

பால் என்றதும் நான் ரப்பர் மரத்துப் பால் என்று நினைத்துவிட்டேன். எங்கள் தோட்டத்தில் நொடிக்கு 25 சொட்டு விழுந்திருந்தால் இன்னும் கித்தாக்காடாகவே இருந்திருக்கும்.

ஈப்போ ஒலியன்
புதன், காலை 8:50

ஐயா, பட்டை ஓடுவது வேறு நோய். அதற்கு 30 பிரேமிலேயே ஷட்டரை 1/100இல் நிறுத்தினாலும் போதும். இந்தப் பிள்ளை கேட்பது அதுவல்ல. அவர் வந்து பதில் சொல்லட்டும்.

தோட்டத்துக்கேமரா
புதன், மாலை 3:22

மன்னிக்கவும், பள்ளியில் கைத்தொலைபேசி அனுமதியில்லை. நான் தம்பி இல்லை அண்ணா, தங்கை. படிவம் 4 மாணவி.

ஒரு கைத்தொலைபேசியில் படம். இன்னொன்றைத் தாத்தாவின் சட்டைப்பையில் வைத்து ஒலி மட்டும் பதிந்தோம். வெட்டி ஒட்டுவது டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பில், தோழியின் மடிக்கணினியில். இறுதிக் கோப்பாக எடுத்தும் பார்த்தோம், விலகல் அப்படியே இருக்கிறது.

செராய் வெட்டொட்டு
புதன், மாலை 3:40

அந்தப் படக் கோப்பு உங்கள் மடிக்கணினிக்குப் புலனம் (வாட்ஸ்அப்) வழியாக வந்ததா? அப்படியென்றால் அது அசல் இல்லை, நசுக்கிய நகல். அசலைக் கம்பி போட்டு எடுங்கள்.

இரண்டாவது, கைத்தொலைபேசி சீரான வேகத்தில் படம் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் பிரேமும் குறையும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு, நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு இதுதான். என் தங்கை திருமணக் காணொலியில் இதே கதைதான். தாலி ஏறிய பிறகு நாதசுரம் கேட்டது.

நெறியாளன் (முதுநிலை உறுப்பினர்)
புதன், மாலை 4:02

44.1. நான் காலையிலேயே சொல்லிவிட்டேன். மற்றவர்கள் ஏன் குழப்புகிறார்கள் என்று தெரியவில்லை.

ஈப்போ ஒலியன்
புதன், மாலை 4:30

தங்கை, மூன்று கேள்வி.
படம் எடுத்த கைத்தொலைபேசியில் பதிவான சொந்த ஒலி படத்தோடு ஒட்டுகிறதா?
10ஆவது நிமிடத்தில் எத்தனை நொடி விலகல், கடைசியில் எத்தனை?
முன்னே போவது எது? வாயா, குரலா?

தோட்டத்துக்கேமரா
புதன், இரவு 9:17

கம்பி போட்டுத்தான் எடுத்தோம். கைத்தொலைபேசியின் சொந்த ஒலி ஒட்டுகிறது. ஆனால் அதில் தாத்தா பேசுவதே கேட்கவில்லை, பின்னால் கோழிச் சத்தம்தான் அதிகம்.

வாய் முன்னே, குரல் பின்னே. அளந்தது இப்படி: எங்களிடம் கிளாப் பலகை இல்லை. தாத்தா ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி, கழகத்தில் எங்களுக்குத் தோற்கருவி அடிக்கக் கற்றுத் தருபவர். பேட்டி தொடங்கும் முன் தீ மூட்டி, தோலைக் காய்ச்சி, சரியாக ஏறிவிட்டதா என்று ஓங்கி ஒரு அடி அடித்தார். அந்த அடியை வைத்துத்தான் ஒலியை ஒட்டினோம். 10ஆவது நிமிடத்தில் மறுபடி ஓர் அடி. குச்சி தோலில் பட்ட பிறகு 18 பிரேம் கழித்துச் சத்தம். 38ஆவது நிமிடத்தில், பேசி முடித்து எழும்போது சும்மா ஒரு தட்டு தட்டினார். குச்சி மேலே போய், தாத்தா அதைக் கீழே வைத்து, துண்டை உதறித் தோளில் போடுகிறார். அப்புறம்தான் சத்தம் வருகிறது. 2.3 நொடி.

அந்தக் கடைசி 20 நொடியை இணைத்திருக்கிறேன்.

ஈப்போ ஒலியன்
புதன், இரவு 9:49

இப்படி ஒரு விவரத்தை முதல் பதிவிலேயே போட்டிருந்தால் நேற்றே தூங்கியிருக்கலாம். இருக்கட்டும்.

18 பிரேம் என்றால் 0.6 நொடி. 10 நிமிடத்துக்கு 0.6, 38 நிமிடத்துக்கு 2.3. இரண்டும் ஆயிரத்தில் ஒரு பங்கு. நேர்கோடு. கைத்தொலைபேசி நினைத்தபோதெல்லாம் வேகத்தை மாற்றியிருந்தால் இவ்வளவு ஒழுங்காக விலகாது, ஆகவே வெட்டொட்டு சொன்னது இங்கே பொருந்தவில்லை.

நெறியாளன் ஐயா சொன்னதும் இல்லை. 44.1ஐ 48 என்று எண்ணி ஓட்டினால் 10 நிமிடப் பேச்சு 9 நிமிடம் 11 நொடியில் முடிந்துவிடும். விலகல் 49 நொடி. தாத்தாவின் குரலும் பேரப்பிள்ளை குரலாகிவிடும்.

ஆயிரத்தில் ஒன்று என்பது வேறொரு கணக்கு: 29.97க்கும் 30க்கும் உள்ள வேறுபாடு. கைத்தொலைபேசி 29.97இல் எடுத்திருக்கும். யாரோ அந்தத் துண்டின் பண்புகளுக்குள் போய் 30 என்று மாற்றியிருக்கிறார்கள். படமும் அதன் சொந்த ஒலியும் சேர்ந்தே கொஞ்சம் விரைவாக ஓடுகின்றன. சட்டைப்பை ஒலிக்கு இந்தச் செய்தி தெரியாது, அது தன் நடையில் வருகிறது.

ரிசால்வில் அந்தத் துண்டின் மேல் வலச்சொடுக்குப் போட்டு, பண்புகளைத் திறந்து பிரேம் எண்ணிக்கையைப் பாருங்கள்.

நெறியாளன் (முதுநிலை உறுப்பினர்)
புதன், இரவு 10:05

பொதுவாக 44.1தான் காரணமாக இருக்கும் என்றுதான் சொன்னேன். விதிவிலக்குகள் உண்டு என்பது அனுபவசாலிகளுக்குத் தெரியும்.

கித்தாக்காட்டான்
புதன், இரவு 10:20

20 நொடியைப் பார்த்தேன். 'இந்தத் தப்பு எங்கப்பா அடிச்சது' என்கிறார் பெரியவர். கீழே சப்டைட்டிலில் 'இந்தப் பறை என் தந்தை அடித்தது' என்று ஓடுகிறது. ஒலி மட்டுமா ஒட்டவில்லை, எழுத்தும்தான் ஒட்டவில்லை.

வேர்ச்சொல்
புதன், இரவு 10:44

மாணவர்கள் எழுதியதே சரி. பறை சங்கத் தமிழ்ச் சொல். தொல்காப்பியம் கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவையோடு பறையையும் சேர்த்தே வைக்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை. தப்பு என்றால் பிழை என்றல்லவா கேட்கிறவர் காதில் விழும்? பள்ளிப் பிள்ளைகள் அந்தச் சொல்லைப் பரப்பக் கூடாது.

கித்தாக்காட்டான்
புதன், இரவு 11:02

நிலத்துக்கொரு பறை என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் பறை பொதுப்பெயர், அதில் எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது தப்பு. தப்படிக்கிறவருக்கு அது பிழையாக ஒருநாளும் கேட்டதில்லை. படிச்சவர் காதில்தான் அப்படி விழுகிறது. அறுபது ஆண்டு அடித்தவர் வாயில் வரும் சொல்லைத் திருத்த 16 வயதுப் பிள்ளைகளுக்கு யார் சிவப்பு மை கொடுத்தது?

வேர்ச்சொல்
புதன், இரவு 11:15

யாரையும் திருத்தவில்லை. பேச்சு வேறு, எழுத்து வேறு. அவர் 'எங்கப்பா' என்றதை 'என் தந்தை' என்று எழுதியதை நீங்கள் குறை சொல்லவில்லையே.

கித்தாக்காட்டான்
புதன், இரவு 11:21

அதையும் சொல்லத்தான் வந்தேன்.

தஞ்சோங் மாலிம் அக்கா
புதன், இரவு 11:50

சண்டைக்கு நடுவே ஒன்று சொல்கிறேன். எங்கள் வீட்டில் தாத்தாவின் தப்பைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார்கள். யாராவது வீட்டுக்கு வந்தால் அம்மா அதை இன்னும் உள்ளே தள்ளுவார். சாவு வீட்டில் அடிக்கிற குடும்பம் என்று தெரிந்தால் எங்களைப் பெண் கேட்டு வரமாட்டார்கள் என்ற பயம். அம்மா அதற்கு எந்தப் பெயரும் சொன்னதில்லை, 'அது' என்பார். இப்போது ஒரு பள்ளிக் கழகத்தில் பிள்ளைகள் சீருடையோடு அடிக்கிறார்கள் என்பதைப் படித்துவிட்டு இரண்டு முறை அந்த 20 நொடியைப் பார்த்தேன்.

தங்கை, 38 நிமிடப் பேட்டியையும் அழித்துவிடாதே. படம் 8 நிமிடம்தான் என்றாலும் முழுப் பதிவை ஒரு விரலியில் (யூஎஸ்பி) போட்டு வீட்டில் வை.

செராய் வெட்டொட்டு
வியாழன், காலை 7:10

8 நிமிடப் படம் என்பதை நாம் எல்லோருமே மறந்துவிட்டோம்! அந்த 8 நிமிடத்தில் தாத்தா ஒரே மூச்சில் அரை நிமிடத்துக்கு மேல் பேசப் போவதில்லை. அரை நிமிடத்துக்கு விலகல் 0.03 நொடி, அதாவது ஒரு பிரேம். யார் கண்ணுக்கும் தெரியாது. பண்புகளை மாற்றினால் ஏற்கெனவே வெட்டிய இடங்கள் நகரக்கூடும். அதற்குப் பயமாக இருந்தால் ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் ஒலியைத் தனித்தனியாக ஒட்டிவிட்டுப் போங்கள். எதைச் செய்தாலும் முதலில் திட்டக் கோப்புக்கு ஒரு நகல்.

(ஹேண்ட்பிரேக் நல்ல மென்பொருள்தான் என்பதில் மாற்றமில்லை.)

ஈப்போ ஒலியன்
வியாழன், காலை 7:25

இது என் வழியைவிடச் சுருக்கம். ஒப்புக்கொள்கிறேன்.

பழைய ஒளிபரப்பாளர்
வியாழன், காலை 9:00

25இல் எடுத்திருந்தால் 29.97 என்ற பேச்சே வந்திருக்காது.

சிப்புட்காரன்
வியாழன், மதியம் 1:13

எந்த ஊர் என்று கடைசி வரை யாரும் கேட்கவில்லை. பின்னால் தெரியும் மலையைப் பார்த்தால் சுங்கை சிப்புட் பக்கம் போல இருக்கிறதே. பெரியவர் துண்டாடல் காலத்தைப் பற்றிப் பேசுகிறாரா? தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றபோதுதான் 1960இல் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் எங்கள் ஊர்க்காரர். அந்தப் பகுதி இருந்தால் கட்டாயம் படத்தில் வையுங்கள்.

நெறியாளன் (முதுநிலை உறுப்பினர்)
வியாழன், மதியம் 1:40

இழையின் தலைப்பு ஒலி விலகல். பறை, தப்பு, துண்டாடல் எல்லாவற்றுக்கும் தனிப் பிரிவுகள் இருக்கின்றன.

வேர்ச்சொல்
வியாழன், மதியம் 2:05

பிரிவு மாறினாலும் சொல் மாறாது.

தோட்டத்துக்கேமரா
வெள்ளி, காலை 11:38

ஒட்டிவிட்டது. 30 என்றுதான் இருந்தது. 29.97 பார்க்க அசிங்கமாக இருந்தது என்று தோழி மாற்றியிருக்கிறாள். துண்டு துண்டாக ஒட்டினோம், இரவு 2 மணி ஆனது. 22ஆவது நிமிடத்துக்குப் பிறகு தகரக் கூரையில் மழை, அதை அப்படியே விட்டுவிட்டோம். சப்டைட்டிலில் தப்பு என்று மாற்றியாயிற்று. தலைப்பில் பறை இருக்கட்டும் என்று ஆசிரியை சொன்னார். அம்மா விரலி வாங்கித் தந்தார் அக்கா. எல்லோருக்கும் நன்றி, கணினி அறையைப் பூட்டப் போகிறார்கள்.

கித்தாக்காட்டான்
வெள்ளி, மதியம் 12:04

சப்டைட்டிலில் அந்த 'எங்கப்பா'வை என்ன செய்தீர்கள் என்று சொல்லாமல் போய்விட்டாரே.

சிப்புட்காரன்
ஞாயிறு, இரவு 8:30

படத்தை எங்கே பார்ப்பது? இணைப்பு இருக்கிறதா?

மலாக்கா மணி (புதிய உறுப்பினர்)
11 நாள்களுக்குப் பிறகு

எனக்கும் இதே சிக்கல். ஒலி ஒட்டவில்லை. அவசரம், என்ன செய்வது?

ஈப்போ ஒலியன்
11 நாள்களுக்குப் பிறகு

எதில் எடுத்தீர்கள்?