மாஸ்ட் செல் கட்டிக்குத் தமிழ்ச் சொல்: "தடிப்பணுப் புற்று"

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

ஒவ்வாமையில் பங்கேற்கும் மாஸ்ட் செல் என்னும் உயிரணுக்கள் பெருகி நாய்களின் தோலில் வரும் மாஸ்ட் செல் கட்டிக்கு "கொழுவணுக் கட்டி" என்னும் சொல்லை நம் சொல்லாக்கக் குழுவில் ஐயா ஒருவர் முன்வைத்திருக்கிறார்கள். 1878இல் மருத்துவ ஆய்வாளர் பால் எர்லிக் இவ்வுயிரணுக்களுக்குள் குறுமணிகள் செறிந்திருக்கக் கண்டு, உண்டு கொழுத்தவை என்னும் பொருள்படவே ஜெர்மானிய மொழியில் பெயரிட்டார் என்பதால், அச்சொல் மூலத்தோடு பொருந்துகிறது. நாய் வளர்ப்போர் கையில் அது என்ன செய்யும் என்பதுதான் என் கவலை.

வயதேறிய, உடல் பருத்த லாப்ரடார்களுக்குத் தோலுக்கடியில் மெத்தென்று நழுவும் கொழுப்புக் கழலை வருவதுண்டு; பெரும்பாலும் அதனால் தீங்கில்லை. மாஸ்ட் செல் கட்டியும் சில வேளைகளில் அதே மென்மையோடு தோலுக்கடியில் இருந்து, தேர்ந்த மருத்துவரின் விரலையே ஏமாற்றிவிடும். மெல்லிய ஊசியால் அணுக்களை உறிஞ்சியெடுத்து, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். இவ்வாறு குழம்பக்கூடிய இரண்டின் பெயரிலும் "கொழு" இருந்தால், "கொழுப்புக் கட்டிதானே, இருக்கட்டும்" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள்.

எனவே அணுவின் தொழிலைக் கொண்டு "தடிப்பணு" எனலாம் என்பது என் கருத்து. இவ்வணு ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளை வெளிவிடும்போது தோல் சிவந்து தடிக்கிறது. கட்டியை அழுத்தினாலோ தேய்த்தாலோ சுற்றுப்புறம் வீங்குவதும், ஒரு நாள் பெருத்து மறுநாள் சுருங்குவதும் இதனால்தான். அதே ஹிஸ்டமின் இரைப்பையில் அமிலத்தைப் பெருக்கிப் புண்ணாக்குவதால், வாந்தியும் கருநிற மலமும் காணப்படலாம். குறுமணிகளைக் கொண்டு "மணியணு" எனலாமே என்றால், குறுமணியுடைய வெள்ளணுக்கள் வேறு பல உள்ளன.

பின்னொட்டாகக் "கட்டி" வேண்டாம். கட்டி என்றதும் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போட்டு, பழுத்து உடையட்டும் என்று காத்திருப்பது நம் வழக்கம். "புற்று" என்பது அச்சுறுத்தும் என்பார்கள். ஆயினும் இவற்றுள் வீரியம் குறைந்தவை, சுற்றியுள்ள நல்ல திசுவோடு சேர்த்து முழுமையாக வெட்டியெடுக்கப்பட்டால் பெரும்பாலும் திரும்புவதில்லை என்பதால், அந்த அச்சம் காலத்தே மருத்துவரிடம் கொண்டுசேர்க்குமானால் எனக்கு மறுப்பில்லை.

சொற்பட்டியலில் இவ்விளக்கத்தோடு சேர்க்கலாம்:

தடிப்பணுப் புற்று: நாயின் தோலிலோ தோலுக்கடியிலோ தடிப்பணுக்கள் பெருகி உண்டாகும் புற்று, பாக்ஸர், பக் இனங்களில் மிகுதி. ஒரு சென்டிமீட்டரை எட்டி ஒரு மாதமாக நிற்கும் எந்தப் புடைப்பையும், வேகமாக வளர்வதையும், புண்ணாவதையும், பெருத்துச் சுருங்குவதையும் பிதுக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டி ஊசிச் சோதனை செய்விக்க வேண்டும்.

"தடித்த" என்பதற்குப் பருத்த என்ற பொருளும் உண்டென்று யாரேனும் மறுக்கலாம். "தடிப்பு" எனப் பெயராக நிற்கும்போது தோல் வீக்கமே முதலில் தோன்றும் என்று கருதுகிறேன். வேறு வட்டார வழக்கு இருப்பின் தெரிவிக்க வேண்டுகிறேன்.