வெண்டைக்காய் நீர் காணொளி: சொல்பவர் மருத்துவர்தானா என்று அறிவது எப்படி?

கேள்வி (தென்னாப்பிரிக்கா, டர்பன் மாணவி):
வணக்கம். எங்கள் பல்கலைக்கழக விடுதியில் உடல்நலம் குறித்த ஐயம் எதுவானாலும் முதலில் டிக்டாக்கில்தான் தேடுகிறார்கள். வெண்டைக்காய் ஊறிய நீர் சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்ற காணொளியைக் கண்ட தோழி, தன் பாட்டி உட்கொள்ளும் மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்கிறாள். பேசுபவர் மருத்துவர்தானா என்று எப்படி அறிவது?

பதில் (சாட்ஸ்வர்த் மருந்தாளுநர்):
தங்கையே, மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று இன்றே சொல்லிவிடுங்கள். வெண்டைக்காய் நல்ல உணவுதான். ஆனால் அதன் நீர் மெட்ஃபார்மின் உடலில் சேர்வதைத் தடுக்கக்கூடும் என்று எலிகளில் நடந்த ஆய்வொன்று காட்டியிருப்பதால், மருத்துவரிடம் கேளாமல் இரண்டையும் சேர்த்து உட்கொள்வதும் சரியன்று. தென்னாப்பிரிக்க இந்தியரிடையே நீரிழிவு மிகுதி என்பதால் எனக்கு இது பெருங்கவலை. இங்கு தொழில்புரியும் மருத்துவரெனில், மருத்துவர்களைப் பதிவுசெய்யும் தென்னாப்பிரிக்கச் சுகாதாரத் தொழில்வல்லுநர் மன்றத்தின் (HPCSA) இணையப் பதிவேட்டில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள்.

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாணவர்):
அண்ணன் சொன்னது சரி. எனினும் கருத்தடை, மனச்சோர்வு போன்றவற்றை நேரில் கேட்கக் கூசியே பலர் கைபேசியை நாடுகிறார்கள். வளாக மருத்துவ நிலையத்தில் சொல்வதை, 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டப்படி, உங்கள் ஒப்புதலின்றிப் பெற்றோரிடம் சொல்லக் கூடாது என்பதைத் தோழிகளுக்குத் தெரிவியுங்கள்.

டர்பன் மாணவி:
நன்றி அண்ணா. பாட்டியின் மருத்துவரிடம் பேசுமாறு தோழியிடம் சொல்லிவிட்டேன்.