பத்தாவது கைக்கடிகாரம்: டிஸ்ஸாட் பி.ஆர்.எக்ஸ். வாங்குவதா, சீகோ பிரஸாஜ் வாங்குவதா?

வைகைக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கைக்கடிகாரங்களைச் சேர்த்து வருகிறேன். அப்பா வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய மத்திய அரசு நிறுவனமான எச்.எம்.டி.யின் ஜனதாதான் என் சேகரிப்பின் முதல் கடிகாரம். அதன் பிறகு எச்.எம்.டி. பைலட், காஞ்சன், சோனா ஆகிய மூன்றும், இரண்டு டைட்டன்களும், ஒரு பழைய சீகோ 5-உம், இரண்டு கேசியோக்களும் சேர்ந்து மொத்தம் ஒன்பது ஆகியுள்ளன. இவற்றில் பெரும்பாலானவை பிறர் கட்டிப் பழகி என்னிடம் வந்தவை. கடையில் பெட்டி பிரித்து, உத்தரவாத அட்டையில் என் பெயர் எழுதி வாங்கிய நல்ல ஆட்டோமேட்டிக் (கை அசைவால் தானே சாவி ஏறும்) கடிகாரம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க இரண்டு ஆண்டுகளாகப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன்.

இரண்டு கடிகாரங்கள் மனத்தில் நிற்கின்றன. ஒன்று சுவிஸ் நிறுவனமான டிஸ்ஸாட்டின் பி.ஆர்.எக்ஸ். பவர்மேட்டிக் 80, நாற்பது மில்லிமீட்டர் அளவு, நீல டயல். மற்றொன்று ஜப்பானிய நிறுவனமான சீகோவின் பிரஸாஜ் வரிசையின் காக்டெய்ல் டைம், வெளிர்நீல டயல், தோல் பட்டை. முன்னதன் எஃகுச் சங்கிலியும் உடலும் ஒரே வார்ப்பில் செய்ததுபோல் இணைந்திருப்பது கண்ணைக் கவர்கிறது. பின்னதன் டயலில் நடுவிலிருந்து கதிர்கள் விரிவதைப் பார்த்தால் பார்வையை எடுக்க மனம் வருவதில்லை. இந்தப் பணத்துக்கு நல்ல நிலையில் உள்ள பழைய எச்.எம்.டி.க்கள் எட்டுப் பத்தை இணையத்தில் வாங்கிவிடலாமே என்ற மூன்றாவது எண்ணமும் அவ்வப்போது தலைதூக்குகிறது.

என் மணிக்கட்டின் சுற்றளவு பதினாறரை சென்டிமீட்டர். பகல் முழுவதும் கணினி முன் வேலை. மதுரை வெயிலில் தோல் பட்டை ஒரு கோடைக்குமேல் தாங்குவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நொடிமுள் (மறுமொழி):

வணக்கம் வைகைக்கரை. இரண்டையும் சில ஆண்டுகள் கட்டிப் பார்த்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இயந்திரத்தைப் பார்ப்போம். பிரஸாஜில் உள்ள 4ஆர்35 இயந்திரம் முழுச் சாவியில் 41 மணி நேரம் ஓடும். பி.ஆர்.எக்ஸ்.-இல் உள்ள பவர்மேட்டிக் 80 இயந்திரமோ பெயருக்கேற்ப 80 மணி நேரம் ஓடும். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கழற்றி வைத்தால் பிரஸாஜ் ஞாயிறு முற்பகலில் நின்றுவிடும், டிஸ்ஸாட் திங்கள் காலையிலும் சரியான நேரம் காட்டிக்கொண்டிருக்கும். வார இறுதியில் வேறு கடிகாரம் கட்டும் உங்களைப் போன்றவருக்கு இது பெரிய வசதி. டிஸ்ஸாட்டுக்கு இயந்திரம் செய்து தரும் ஈ.டி.ஏ. நிறுவனம் தன் புகழ்பெற்ற 2824 இயந்திரத்தை அடிப்படையாக வைத்து, மணிக்கு 28,800 ஆக இருந்த துடிப்பை 21,600 ஆகக் குறைத்து, சாவியின் விசையைச் சேமிக்கும் மெயின் ஸ்பிரிங்கையும் மாற்றித்தான் இந்த நீண்ட ஓட்டத்தைப் பெற்றது. நொடிமுள்ளின் நகர்வு சற்றே குறைவான வழுவழுப்புடன் இருப்பதற்குக் காரணம் அதுதான். எனக்கு அது ஒரு குறையாகத் தோன்றியதில்லை.

அடுத்தது காந்தம். கணினி, கைப்பேசி, அவற்றின் காந்த மூடி கொண்ட உறைகள் ஆகியவற்றுக்கு நடுவே நாள் முழுவதும் இருக்கும் கடிகாரத்தின் ஹேர் ஸ்பிரிங் (துடிப்பின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய சுருள்) காந்தமேறி ஒட்டிக்கொண்டால், ஒரு நாளைக்குப் பல நிமிடங்கள்கூட வேகமாக ஓடத் தொடங்கும். பி.ஆர்.எக்ஸ். ஹேர் ஸ்பிரிங் நிவாக்ரான் என்ற டைட்டானியக் கலவையால் ஆனது என்பதால் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. கண்ணாடியும் எளிதில் கீறல் விழாத சஃபையர், நீர்த்தாங்குதிறன் நூறு மீட்டர். பிரஸாஜின் கண்ணாடி சீகோவின் ஹார்ட்லெக்ஸ், அதாவது கடினமாக்கப்பட்ட கனிமக் கண்ணாடி. எளிதில் உடையாது, ஆனால் கீறல் விழும். அதன் நீர்த்தாங்குதிறன் ஐம்பது மீட்டர்தான். வியர்வைக்கும் மழைக்கும் அது போதும், ஆனால் அதைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதிக்க நான் துணியமாட்டேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நாற்பது மில்லிமீட்டர் என்ற எண்ணை நம்பி வாங்காதீர்கள். பி.ஆர்.எக்ஸ்.-இன் உடலோடு சேரும் முதல் கண்ணி உடனே கீழ்நோக்கி வளைவதில்லை. சிறிய மணிக்கட்டில் அது நேராக நீட்டிக்கொண்டு நிற்கும், இரண்டு பக்கமும் இடைவெளி தெரியும். 35 மில்லிமீட்டர் அளவிலும் அதே பவர்மேட்டிக் இயந்திரத்துடன் 2023 முதல் வருகிறது. பதினாறரை சென்டிமீட்டர் மணிக்கட்டுக்கு அதைக் கட்டிப் பார்க்காமல் முடிவெடுப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. சங்கிலியை எடுத்துவிட்டுச் சாதாரணப் பட்டை மாட்டும் வழியும் அதில் இல்லை. அதற்கென்றே செய்த பட்டை வேண்டும். பிரஸாஜுக்கு எந்த இருபது மில்லிமீட்டர் பட்டையும் பொருந்தும்.

சாவிக்காரன் (மறுமொழி):

நொடிமுள் அண்ணன் சொன்ன விவரங்களில் எனக்கு மாறுபாடு இல்லை, ஆனால் முடிவில் மாறுபடுகிறேன். ஒன்பது கடிகாரங்களை மாற்றி மாற்றிக் கட்டுபவருக்குப் புதியதன் முறை எட்டுப் பத்து நாட்களுக்கு ஒருமுறைதான் வரும். அதற்குள் 41 மணி நேரக் கடிகாரமும் நின்றிருக்கும், 80 மணி நேரக் கடிகாரமும் நின்றிருக்கும். எடுத்து, சாவி கொடுத்து, நேரமும் தேதியும் வைத்துக் கட்ட வேண்டியதுதான். எனக்கு அந்தக் காலை நேரத்து இரண்டு நிமிடங்கள் இந்த ஈடுபாட்டின் பெரும்பகுதி. உங்கள் சீகோ 5 பழையது என்றால் அதில் கையால் சாவி கொடுக்க முடியாது, குமிழை இழுத்தாலும் நொடிமுள் நிற்காது. 4ஆர்35-இல் இரண்டும் முடியும்.

பழுதுபார்ப்பையும் எண்ணிப் பாருங்கள். சீகோ 1959-இல் உருவாக்கிய மேஜிக் லீவர் என்ற எளிய அமைப்புதான் இன்றும் கை அசையும்போது உள்ளே சுழலும் எடையின் இரு திசைச் சுழற்சியையும் சாவியாக மாற்றுகிறது. உங்கள் பழைய சீகோ 5-இலும் அதே அமைப்புதான் இருக்கிறது என்பதால், அதைப் பிரித்துப் பார்த்த ஊர் வாட்ச் மெக்கானிக் இதையும் பிரிப்பார். பவர்மேட்டிக்கில் வேகத்தைத் திருத்த வழக்கமான நெம்புகோல் கிடையாது என்பதால், நேரம் பிசகினால் நிறுவனத்தின் சேவை மையத்துக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டியிருக்கும். பிரஸாஜுக்கு நிறுவனம் தரும் வரையறை ஒரு நாளைக்குக் கூடுதலாக 45 நொடி, குறைவாக 35 நொடி என்று தாராளமாகத்தான் இருக்கிறது. என்னுடையது எட்டு நொடிக்குமேல் பிசகியதில்லை. இது ஒரே ஒரு கடிகாரத்தின் கதை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தோல் பட்டையைக் கோடையில் கழற்றி வைத்துவிட்டு நைலான் பட்டை மாட்டிக்கொள்ளலாம். அந்த டயலுக்கு நைலான் எடுபடாது என்று சிலர் சொல்வார்கள். நான் மூன்று கோடைகள் அப்படியே கட்டியிருக்கிறேன்.

பழைய_டயல் (மறுமொழி):

மூன்றாவது எண்ணத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். தம்பி, அதைத் தயவுசெய்து இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1961-இல் பெங்களூருவில் தொடங்கிய எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூடுவதற்கு 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதன் பிறகு இவற்றின் மீது ஏற்பட்ட ஆர்வத்தால், பல கடிகாரங்களின் உறுப்புகளை ஒன்றாகப் பூட்டி, புதிதாக அச்சடித்த டயலை ஒட்டி விற்கும் தொழிலே உருவாகிவிட்டது. சிவப்பு, பச்சை, ஆரஞ்சு என்று பளபளக்கும் டயலோடு இணையத்தில் வரும் ஜனதாக்களில் பெரும்பாலானவை அத்தகையவை. உடலில் ஐம்பது ஆண்டுத் தேய்மானம் இருக்கும்போது டயல் மட்டும் நேற்று அச்சடித்ததுபோல் இருந்தால் ஐயம் கொள்ளுங்கள். எழுத்துகளின் ஓரம் பிசிறடித்திருக்கிறதா, நிமிடக் கோடுகள் ஒரே இடைவெளியில் இருக்கின்றனவா, பின்மூடியைத் திறந்த படத்தில் இயந்திரத்தின் மீது எச்.எம்.டி. முத்திரை தெரிகிறதா என்று பார்க்காமல் பணம் அனுப்பக் கூடாது. நானே ஒருமுறை இப்படி ஒரு பைலட்டை வாங்கி, பிரித்துப் பார்த்தபோது உள்ளே வேறொரு வகைக் கடிகாரத்தின் இயந்திரம் இருக்கக் கண்டு வருந்தியிருக்கிறேன்.

அதைவிட முதன்மையான ஒன்று: உங்கள் அப்பாவின் ஜனதாவுக்குக் கடைசியாக எப்போது எண்ணெய் போட்டுச் சுத்தம் செய்தீர்கள்? உலர்ந்த எண்ணெயோடு நாள்தோறும் சாவி கொடுத்து ஓட்டினால் உராய்வைக் குறைக்கும் பதினேழு ஜுவல் கற்கள் இருந்தும் அச்சு முனைகள் தேய்ந்துவிடும். தேய்ந்தால் மாற்ற உறுப்பு இன்னொரு கடிகாரத்திலிருந்துதான் கிடைக்கும். புதியது எதுவானாலும் வாங்குங்கள், ஆனால் அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை முதலில் அதற்குச் செலவிடுங்கள்.

வைகைக்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை அங்கீகாரம் பெற்ற கடைக்குச் சென்று மூன்றையும் கட்டிப் பார்த்தேன். நொடிமுள் சொன்னது அப்படியே நடந்தது: நாற்பது மில்லிமீட்டர் பி.ஆர்.எக்ஸ். என் கையில் ஒரு தகட்டைப் போல நின்றது, முதல் கண்ணிக்கும் தோலுக்கும் நடுவே விரல் நுனி நுழைந்தது. முப்பத்தைந்து மில்லிமீட்டர் கடிகாரத்தைக் கட்டியதும் கடைக்காரரே தலையசைத்தார். அளவில் அது அப்பாவின் ஜனதாவை ஒத்திருந்ததால் எனக்கும் பழகிய ஒன்றைக் கட்டிய உணர்வு வந்தது. பிரஸாஜின் டயல் படங்களில் கண்டதைவிட நேரில் அழகு. ஆனால் அதன் உயர்ந்த கண்ணாடி என் முழுக்கைச் சட்டையின் விளிம்பில் மூன்று முறை தட்டியது. நாள்தோறும் அலுவலகம் செல்லும் எனக்கு அது தொந்தரவாகவே இருக்கும் என்று தோன்றுகிறது.

ஆகவே முப்பத்தைந்து மில்லிமீட்டர் நீல டயலுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். சரக்கு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். ஜனதாவுக்குக் கடைசியாக எண்ணெய் போட்ட ஆண்டு எனக்கு நினைவில்லை, அப்பாவுக்கும் நினைவில்லை. அதை இன்று முதல் சாவி கொடுக்காமல் வைத்துவிட்டேன். மதுரையிலோ திண்டுக்கல்லிலோ எச்.எம்.டி.யைப் பொறுமையாகப் பிரித்துச் சுத்தம் செய்யும் கைதேர்ந்த மெக்கானிக் யாரையேனும் அறிந்திருந்தால், பழைய_டயல் ஐயா தனிச்செய்தியில் தெரிவிக்க வேண்டுகிறேன்.